ஏரிக்குள் சோளம்

ஏரி என்றால் தண்ணீர் நிற்கிற இடம் என்று நினைப்பவர்கள் எங்கள் ஊரைப் பார்த்ததில்லை. பூலாம்பாடிப் பக்கம், எழுபதுகளின் கடைசியில், எங்கள் ஏரிக்குள் சோளம்தான் நின்றது. வீட்டுக்கு வீடு பாகம் பிரித்துப் பிரித்து நிலம் கோவணத் துணி அகலத்துக்கு வந்துவிட்டது. பெருகிய ஜனம் எங்கே போகும்? மலையடிவாரத்துக் காட்டை வெட்டிக் கடலை போட்டது. அங்கிருந்து அரித்து வந்த மண் ஏரியை மேடாக்கியது. மேடான இடத்தை ஆளுக்குக் கொஞ்சம் வளைத்துப் போட்டார்கள். என் அப்பாவும்தான்.

அந்த வருஷம் ஐப்பசி வந்தும் மழை இல்லை. வைக்கோலில் கொடும்பாவி கட்டித் தெருத்தெருவாக இழுத்தார்கள். பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைத்தார்கள். இழுத்தவர்களில் அப்பா முன்வரிசை. அடுத்த வாரமே மழை கொட்டி ஏரியில் தண்ணீர் ஏறியது. கொடும்பாவி இழுத்த அதே ஆட்கள், விடிந்ததும் ஓடிப்போய் மதகைத் திறந்துவிட்டார்கள். எதற்கு? கதிர் வாங்கிய சோளம் முழுகுகிறதாம்! எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

"நீங்க கேட்ட மழதானப்பா இது?" என்றேன்.

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது, போ."

அந்தச் செந்தண்ணீர் ஓடை வழியாக வெள்ளாற்றில் விழுந்து, பரங்கிப்பேட்டையில் கடலில் கலந்தது. அங்கேதான் அக்காவைக் கட்டிக் கொடுத்திருந்தோம். மாமா பள்ளிக்கூட வாத்தியார். பொங்கலுக்கு வந்த அக்கா, "ஒங்க ஊரு மண்ணெல்லாம் எங்க முகத்துவாரத்துலதான் கெடக்கு. ஆத்துல மீனே இல்லங்கறாங்க" என்று எரிந்து விழுந்தாள். அப்போது அவளுக்கு ஆறு மாசம்.

தலைப்பிரசவத்துக்குச் சித்திரையில் அழைத்து வர வேண்டும். பங்குனியிலேயே கிணறு வறண்டு போனது. குடிக்கிற ஒரு குடத்துக்கே அம்மா அடுத்த ஊர் பம்புசெட்டில் வரிசையில் நின்றாள்.

"புள்ள பெத்தவளுக்கு ஊத்த ஒரு அண்டா வெந்நீருக்கு வழியில்ல. ஏரியத் தொறந்து விட்டுட்டீங்களே!"

"நான் மட்டுமா தொறந்தேன்?" என்றார் அப்பா.

கடைசியில் பிரசவ மருந்தைத் துணியில் முடிந்துகொண்டு அம்மாவே சம்பந்தி வீட்டுக்குப் பஸ் ஏறினாள். மகளின் முதல் பிரசவத்தை மருமகன் வீட்டில் பார்ப்பது எங்கள் பக்கத்தில் பெரிய தலைகுனிவு. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் போனாள்.

பஸ் போனதும், அங்கே நின்றிருந்த பக்கத்துத் தெருக்காரர் விசாரித்தார். "என்னங்க, பொண்ண அழச்சுட்டு வரலியா?"

அப்பா கூசாமல் சொன்னார்: "இந்த வருசம் எங்கங்க மழ பேஞ்சுது?"

"ஆமாங்க" என்று அவரும் தலையாட்டினார். அவருக்கும் ஏரிக்குள் சோளம் இருந்தது.