எங்க வீட்டுக்காரர் நிக்கிற பக்கம்

எங்க வீட்டுக்காரர் தங்கமான மனுஷர். மைதானத்துக்கு வெளியே மட்டும். பஸ் டிப்போவுல பிரேக் சரிபார்க்கிற வேலை. அங்க யார்கிட்டயும் அதிர்ந்து பேசினதில்ல. வீட்டுல குழம்புல உப்பு கூடிப்போனாலும் கம்முனு சாப்பிட்டுட்டுத் தட்டைக் கழுவி வைப்பார். ஆனா சாயங்காலம் டிப்போ கால்பந்து அணிக்குக் கோச்சா விசிலைக் கழுத்துல மாட்டிட்டார்னா ஆளே மாறிடுவார்.

நான் தையல்கடை வெச்சிருக்கேன். அணிக்குச் சட்டையும் டவுசரும் தைக்கிறது நான்தான். அளவு கொடுக்கிற சாக்குல வந்து பசங்க என்கிட்டதான் புலம்புவாங்க. அவர் போடுற சத்தத்துல காது அடைச்சுப்போச்சு அக்காம்பாங்க. நானும் வீட்டுல எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். கொஞ்சினா பிரேக் பிடிக்குமான்னு என்னையே திருப்பிக் கேட்டார். இவர்கிட்ட யார் மல்லுக்கட்டுறது?

கோல்கீப்பரை எல்லாரும் கோந்துன்னு கூப்பிடுவாங்க, பந்து கையில ஒட்டிக்குமாம். அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வருங்கால மாமனார் ஆசையா ஆட்டம் பார்க்க வந்தார். அன்னிக்குன்னு பார்த்து ஒரு பந்து கைநழுவிப் போச்சு. நம்ம ஆள் கோட்டோரத்துல நின்னு, "இந்தக் கையால சோத்தையாவது அள்ளி வாயில வைக்க முடியுதாடா?"ன்னு மைதானத்துக்கே கேக்கிற மாதிரி கத்தினார். மாமனார் முகம் கறுத்துப்போச்சு.

அதோட மொத்த அணியும் அவரை வெறுத்துடுச்சு. உடை மாத்துற அறைக்குள்ள இவர் நுழைஞ்சா பேச்சு நின்னுபோகும், எல்லாரும் குனிஞ்சு ஷூ கயிறைக் கட்டிக்கிட்டே இருப்பாங்க. கேப்டனுக்கு நெட்டைன்னு பேரு. அவன் நேரா டிப்போ மேனேஜர்கிட்ட போய், கோச்சை மாத்துங்க, இல்லேன்னா நாங்க ஆடமாட்டோம்னு சொல்லிட்டான். அடுத்த ஆட்டத்தை நேர்ல பார்த்துட்டு முடிவு சொல்றேன்னார் மேனேஜர். கோச் வேலைக்குன்னு தனியா சம்பளம் எதுவும் வராது. ஆனா அது போச்சுன்னா இவர் உடைஞ்சுபோயிடுவார்னு எனக்குத் தெரியும்.

ஆட்டத்தன்னிக்குக் கடையைச் சாத்திட்டுப் போய் கேலரிப் படியில மேனேஜர் பக்கத்துல உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்துலயே விஷயம் புரிஞ்சுபோச்சு. நம்ம பசங்க அத்தனை பேரும் அந்தப் பக்கமே ஆடுறாங்க. இவர் நிக்கிற இந்தப் பக்கம் ஈ காக்கா இல்ல. பந்து தப்பித்தவறி இங்க வந்தாலும் திருப்பித் தள்ளிவிட்டுட்டு ஓடுறாங்க. எதிரணியும் அங்கேயே கூடிட்டதுல ஒரே சந்தைக்கடை. ஒரு கோல் வேற வாங்கியாச்சு. இவர் கத்திக்கிட்டே சுத்திக்கிட்டு அந்தப் பக்கம் போனார். பசங்க மொத்தமா இந்தப் பக்கம் வந்துட்டாங்க. எனக்கு அடக்கமாட்டாம சிரிப்பு வந்துடுச்சு. மேனேஜர் என்னை ஒரு மாதிரியா பார்த்தார்.

இடைவேளையில இறங்கிப் போய் அவரைப் பிடிச்சேன்.

"நீங்க எந்தப் பக்கம் நிக்கிறீங்களோ, அந்தப் பக்கம் நமக்கு ஆளே இல்லீங்க. இது உங்க கண்ணுல படலியா?"

வெறும் மைதானத்தையே பார்த்துக்கிட்டு நின்னார். முகம் அப்படியே சுருங்கிப்போச்சு, எனக்கே பாவமா இருந்தது. விசிலைக் கழட்டிச் சட்டைப்பையில போட்டார். அறைக்குள்ள போய் கோந்துகிட்ட, உன் மாமனார் முன்னாடி நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுப்பான்னு மட்டும் சொல்லிட்டு, நேரா வந்து என் பக்கத்துல உட்கார்ந்துட்டார்.

ஆட்டம் மறுபடி ஆரம்பிச்சதும் பசங்க கோட்டோரமா அவரைத் தேடினாங்க. மேல உட்கார்ந்திருக்கார்னு தெரிஞ்சதும் கொஞ்சம் கொஞ்சமா ரெண்டு பக்கமும் பரவினாங்க. நெட்டை தலையால முட்டி ஒரு கோல் போட்டான். இவர் ஒவ்வொரு தடவையும் வாயைத் திறந்து திறந்து மூடினார். கத்த முடியாத கோபத்தையெல்லாம் என் கையைப் பிடிச்சுப் பிசைஞ்சுதான் தீர்த்துக்கிட்டார். கடைசியில ஒரு பந்து கோலுக்குள்ள போகவேண்டியது, கோந்து தாவிப் பிடிச்சான். இவர் துள்ளி எழுந்தார். உடனே கீழே பசங்க எல்லாரும் தோளைக் குறுக்கிக்கிட்டாங்க. இவர் கை தட்டினார். நம்பமுடியாம கோந்து பந்தோட அப்படியே நின்னுட்டான்.

ஆட்டம் சமன்ல முடிஞ்சுது. மேனேஜர் நெட்டையைக் கூப்பிட்டு, வேற கோச் பார்க்கட்டுமான்னு கேட்டார். அவன் பசங்களைத் திரும்பிப் பார்த்தான். கோந்துதான் முதல்ல வேற ஆள் வேண்டாம்னு தலையாட்டினான். நெட்டை மேனேஜர் பக்கம் திரும்பினான்.

"பயிற்சிக்கு இவரே வரட்டும் சார். ஆட்டத்தன்னிக்கு மட்டும் அக்கா பக்கத்துல உட்காரட்டும்."

எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. சரிப்பா, சரிப்பான்னு தலையாட்டிக்கிட்டே இருந்தார். மேனேஜரும் சரின்னுட்டார். கையை உதறிவிட்டுக்கிட்டு நிக்கிற என்னைத்தான் யாரும் ஒரு வார்த்தை கேக்கல.