உட்கார்ந்தே நடிக்கிற வேஷம்

எங்கள் மாமா ஒரு தடவை விட்ட உதையில் பூமி ஒன்றரை அடி நகர்ந்துபோய் நின்றது. அந்த வருஷத்திலிருந்துதான் வெயில் இப்படிக் கொளுத்துகிறது. விஞ்ஞானிகள் வேறு ஏதேதோ காரணம் சொல்கிறார்கள். மாமாவிடம் நேரில் வந்து கேட்க அவர்களுக்குப் பயம்.

ஏழாம் வகுப்பில் பக்கத்து பெஞ்சுக்காரனிடம் நான் விட்ட கதை இது. அவன் அப்படியே நம்பினான். கணக்கு வாத்தியார் நம்பவில்லை. அவர் நான் சொன்ன எதையுமே நம்பியதில்லை, அதனால்தான் பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ரொம்ப நாள் ஒத்துப்போகவில்லை.

நிஜம் கொஞ்சம் சின்னது. மாமா என் அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டு மாடியில் ஒற்றை அறையில் தனியாக இருக்கிறார். ஒரு நாற்காலி, ஒரு தட்டு, ஒரு டம்ளர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. பதினொரு படங்களில் அடியாளாக வந்தார், நாலு படங்களில் கதாநாயகனாக வந்தார். எட்டு வருஷமாக யாரும் கூப்பிடவில்லை.

சினிமாவுக்கு முன்னால் அவர் கராத்தேக்காரர். ஒரு டயர் கடையின் மேல்தளத்தில் பயிற்சிக்கூடம். அந்தக் காலத்து வெள்ளை உடுப்பு இன்னும் ரப்பர் நாற்றம் அடிக்கும். தேசியப் போட்டியில் அவர் ஜெயித்ததைப் பார்த்துத்தான் ஒரு சண்டை மாஸ்டர் படப்பிடிப்புக்குக் கூட்டிப்போனார். முதல் நாள், முதல் காட்சி. மாமா அடித்தார். எதிரே நின்றவருக்கு இரண்டு பல் போயிற்று.

மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டாராம். "தம்பி, அடிக்கத் தெரிஞ்சவன் இங்க வேணாம்ப்பா. அடிக்காம இருக்கத் தெரிஞ்சவன்தான் வேணும்."

முஷ்டி முழு வேகத்தில் போக வேண்டும். முகத்துக்கு நாலு விரல் முன்னால் நின்றுவிட வேண்டும். இடைவெளி கேமராவுக்குத் தெரியாது. சத்தத்தைப் பிறகு யாராவது ஒரு மெத்தையை அடித்துச் சேர்த்துக்கொள்வார்கள். இதற்காக மாமா ஆறு மாதம் கண்ணாடி முன்னால் நின்றார். கடைசியில் அவர் குத்தும்போது எதிரே நிற்பவர்கள் கண்ணைக்கூடச் சிமிட்ட மாட்டார்கள் என்று பேர் வாங்கினார்.

கதாநாயகன் ஆன பிறகு பழைய பயிற்சிக்கூடத்தில் ஆசையாகக் கூப்பிட்டு, ஒரு காட்சிப் போட்டியில் மோதச் சொன்னார்கள். மாமா உள்ளே இறங்கி மூன்று குத்து விட்டார். மூன்றும் அந்த ஆளின் நெஞ்சுக்கு நாலு விரல் முன்னால் நின்றுவிட்டன. நாலாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு விட்டார். அதுவும் நின்றது. கூட்டம் நடிப்பு என்று நினைத்துக் கைதட்டியது. கற்றுக்கொடுத்தவர்கள் மட்டும் தட்டவில்லை. அன்றைக்குப் பிறகு அந்தப் படியை அவர் மிதிக்கவில்லை. கராத்தேக்காரர்களுக்கு அவர் நடிகர். நடிகர்களுக்கு அவர் கராத்தேக்காரர்.

கடைசிப் படத்தில் தண்ணீர்த் தொட்டி மேலிருந்து குதித்ததில் இடது முட்டி போயிற்று. விஷயம் வெளியே போனால் வாய்ப்பும் போய்விடும் என்று அம்மாவையும் என்னையும் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை. வாய்ப்பு எப்படியும் போனது, அது வேறு கதை. இப்போது சுவரில் கை ஊன்றி ஒவ்வொரு படியாக ஏறுவார். யாராவது எதிரே வந்தால் சுண்ணாம்பு எப்படி இருக்கிறது என்று சுவரைப் பரிசோதிப்பதுபோல நிற்பார்.

நான் வேலை பார்ப்பது மொபைல் ரிப்பேர் கடையில். வாரா வாரம் வியாழக்கிழமை மாமா வருவார். போனை மேஜைமேல் வைப்பார்.

"ஏய் வாலு, ரிங் சரியா அடிக்குதான்னு பாரு."

"போன வாரம்தானே பார்த்தேன்."

"அது போன வாரம்."

நான் கழற்றுவதுபோலப் பாவனை செய்து, ஊதி, துடைத்து, என் போனிலிருந்து ஒரு தடவை அடித்துக் காட்டுவேன். "ஒண்ணும் இல்ல மாமா. நல்லா இருக்கு." அவர் "அப்படியா?" என்பார். நல்லா இருக்கிறது என்று கேட்டு முகம் வாடும் வாடிக்கையாளர் எங்கள் கடைக்கு அவர் ஒருவர்தான்.

இரண்டு மாதம் முன்னால் ஒரு வியாழக்கிழமை, அவர் போய் அரைமணி கழித்து, ரிப்பேருக்கு வந்த ஒரு போனை எடுத்து வாயில் கர்ச்சீஃப் பொத்திக்கொண்டு கூப்பிட்டேன். ஒரு தடவை ரிங் போகட்டும், வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அரை ரிங்கில் எடுத்துவிட்டார். பேச வேண்டியதாகிவிட்டது.

"வணக்கம் சார், படக் கம்பெனி மேனேஜர் பேசறேன். அப்பா வேஷம் ஒண்ணு இருக்கு."

"சண்டை உண்டா?"

"அதெல்லாம் இல்ல சார். உட்கார்ந்தே நடிக்கலாம். இடது முட்டிக்குச் சிரமமே இருக்காது."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "எப்ப?"

"திங்கக்கிழமை. காலையில கார் வரும்."

சாயங்காலம் வீட்டுக்குப் போனால், கீழே வந்தாலும் எங்கள் வீட்டுக்குள் நுழையாத மனிதர் எங்கள் கூடத்தில் நிற்கிறார்.

"அக்கா, அப்பாங்கல்லாம் எப்படிக்கா உட்காருவாங்க?"

"உன் மச்சான் மாதிரின்னா, பேப்பருக்குப் பின்னாடி."

அதற்குப் பிறகு மூன்று நாள் என் அப்பா எங்கே உட்கார்ந்தாலும் எதிரே மாமா உட்கார்ந்தார். அப்பா கால்மேல் கால் போட்டால் அவரும் போட்டார், கழுத்தைச் சொறிந்தால் அவரும் சொறிந்தார். "என்னப்பா, என்னைப் படம் புடிக்கிறியா?" என்று அப்பா எரிந்து விழுந்தார். மாமா எங்களோடு சேர்ந்து சாப்பிட்டார். எட்டு வருஷத்தில் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். இஸ்திரிக்காரர் சட்டையைக் கத்திபோல மடித்துக் கொடுத்துவிட்டு, கார் ஏறுவதைப் பார்க்க வருவதாகச் சொன்னார். திங்கட்கிழமை காலை அத்தனை பேர் முன்னால், வராத காருக்காக அந்தச் சட்டையோடு மாமா வாசலில் நிற்பார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அதே போன், அதே கர்ச்சீஃப்.

"சார், மன்னிக்கணும். படம் நின்னுபோச்சு. தயாரிப்பாளருக்கு உடம்பு சரியில்ல."

"என்ன உடம்புக்கு?"

"முதுகு சார்."

"முதுகா, இடுப்பா?"

"ரெண்டும் சார்."

"அடப்பாவமே. அப்ப அந்த அப்பா வேஷம்? வேற ஆளுக்குப் போயிடுமா?"

"இல்ல சார். அது உங்களுக்குன்னே எழுதினது. வேற யாரும் நடிக்க முடியாது." கர்ச்சீஃபை இன்னும் இறுக்கிப் பொத்தினேன்.

"என்ன மேனேஜர், கர்ச்சீஃப் உள்ள போயிடுச்சா?"

குரல் போனிலும் கேட்டது, ஷட்டருக்கு அடியிலும் கேட்டது. அங்கே இரண்டு கால்கள் தெரிந்தன, இடது கால் கொஞ்சம் சாய்ந்து. ஷட்டர் மேலே போயிற்று. கத்தி மடிப்புச் சட்டையோடு, காதில் போனோடு மாமா.

"எப்ப மாமா தெரியும்?"

"வியாழக்கிழமையே."

"அப்புறம் ஏன் அப்பா எதிர்ல போய்ப் போய் உட்கார்ந்தீங்க?"

அவர் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"என் முட்டி போனது உலகத்துல மூணு பேருக்குத் தெரியும். ஒண்ணு டாக்டர், அவருக்கு என் பேரே ஞாபகம் இருக்காது. ரெண்டாவது உங்கம்மா, அவளுக்கு என்னைச் சார்னு கூப்பிட நாக்கு புரளாது. மூணாவது யாரு, மேனேஜர் சார்?"