மிளகாய்ச் சாக்கு மெத்தை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். இளைஞர் மன்றத்துப் பிள்ளைகள் என்னை ஒருங்கிணைப்பாளராகப் போட்டதே அதற்காகத்தான். யாராவது வேலைக்கு வரவில்லையென்றால் அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்று கத்த ஒரு ஆள் வேண்டுமே. சாயல்குடிப் பக்கம், மழையை நம்பி மிளகாய் போடுகிற ஊர் எங்களுடையது. எங்கள் வீட்டு வற்றலை இராமேஸ்வரத்தில் ஒரு விடுதிச் சமையலறைக்கு மாதம் ஒருமுறை பஸ்ஸில் கொண்டுபோய்ப் போடுவேன்.

அங்கே சமைப்பவர் நேபாளத்து மலைக்காரர். பத்து வருடமாக இங்கே இட்லி அவிக்கிறார். என்னை அக்கா என்பார், நான் தம்பி என்பேன். எங்கள் மிளகாயைக் கண்டால் அவருக்குப் பயம். "ரெண்டு போட்டா சாம்பார்க்கா. மூணு போட்டா வந்த யாத்திரைக்காரங்க சாமி கும்புடாமலே ரயிலேறிருவாங்க" என்று சிரிப்பார்.

அந்த ஐப்பசியில் போனபோது தம்பி சிரிக்கவில்லை. அடுப்பு எரிய, பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். அவருடைய மலையில் நிலநடுக்கம். வீடு விழுந்துவிட்டது. அம்மாவும் தங்கச்சியும் உயிரோடு இருக்கிறார்கள், தார்ப்பாய்க் கூடாரத்தில். அவர்களோடு சேர்த்து அங்கே நாற்பது குடும்பங்கள்.

"போர்வை எதுவும் அனுப்பட்டுமா தம்பி?" என்று கேட்டேன்.

"போர்வை நெறைய வந்துருச்சுக்கா. குளிரு மேல இருந்து வரல, தரையில இருந்து வருது. அம்மா படுக்கவே மாட்டேங்குது. அன்னையில இருந்து ராத்திரி பூரா உக்காந்தே இருக்கு. பனி விழுந்துச்சுன்னா என்ன செய்யும்னு தெரியல."

திரும்பி வரும் பஸ்ஸில் பாம்பன் பாலம் தாண்டும்போது இரண்டு பக்கமும் கடல் தெரிந்தது. நான் எதையும் பார்க்கவில்லை. வற்றல் போட்டுக் கொண்டுவந்த காலிச் சாக்கு என் மடியில் மடித்தபடி இருந்தது. அதைத் தடவிக்கொண்டே யோசித்தேன். சாக்கு இல்லாத வீடு எங்கள் ஊரில் கிடையாது. இரண்டு சாக்கை விரித்து, நடுவில் பழைய நூல் சேலைகளை மடித்து வைத்து, கோணி ஊசியால் குறுக்கும் நெடுக்கும் தைத்தால் தரைக்கு விரிக்க நல்ல மெத்தை. மூட்டை தைத்துப் பழகிய கைகள்தான் எங்கள் ஊரில் எல்லாம். பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள், மன்றத்துப் பிள்ளைகளை வைத்து மெத்தை தைக்கும் பட்டறைக்கான திட்டம் முழுவதும் தலைக்குள் தயார். சனி, ஞாயிறு இரண்டு நாள், நாற்பது மெத்தை.

மன்றத்தில் கல்லூரிக்குப் போகும் ஒரு பெண் இருந்தாள். என் திட்டத்தைக் கேட்டுவிட்டு, "எல்லாஞ் சரி அத்தை, போய்ச் சேர்றது எப்பிடி?" என்றாள். அதை நான் யோசிக்கவே இல்லை. அவளே நாலு பேருக்குப் போன் போட்டு, இராமநாதபுரத்திலிருந்து ஒரு அரிசி வியாபாரி நேபாளத்துக்கு நிவாரணச் சாமான் லாரி அனுப்பப்போவதைக் கண்டுபிடித்தாள். பட்டறை முடிந்து எட்டாம் நாள், திங்கட்கிழமை காலையில் லாரி கிளம்பும். அதை விட்டால், பனிக்கு முன்னால் போய்ச் சேர வழியில்லை.

பட்டறை அமர்க்களமாக நடந்தது. சமுதாயக்கூடத்தில் முப்பது பேர். பையன்கள் கோணி ஊசியில் சணலைக் கோத்து மளமளவென்று இழுத்தார்கள். தையல் வகுப்புக்குப் போன பெண்பிள்ளைகள் அவர்களிடம் தோற்றுப்போய் முறைத்தார்கள். ஞாயிறு மத்தியானத்துக்குள் நாற்பதும் முடிந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. விடுதியில் விடுப்புச் சொல்லிவிட்டுத் தம்பியும் வந்திருந்தார். முதல் மெத்தையில் அவர்தான் படுத்துப் பார்க்க வேண்டும் என்று நாங்கள் பிடிவாதம் பிடித்தோம்.

படுத்தார். முகத்தைப் பக்கவாட்டில் சாய்த்து, கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. எதிர்வீட்டு மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஆத்தாள நெனச்சுட்டாரு" என்றாள். அவள் அழ, பிள்ளைகள் சிலரும் மூக்கை உறிஞ்சினார்கள். தம்பிக்குக் கண்ணீர் நிற்கவே இல்லை. மதினி பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அழுகாதீங்க தம்பி, ஆத்தாளுக்கு ஒண்ணும் ஆகாது" என்று தோளைத் தட்டினாள். அவர் எழுந்து உட்கார்ந்து ஒரு தும்மல் போட்டார். அப்புறம் இன்னொன்று. பதினொன்று வரை எண்ணினோம்.

"அக்கா, மிளகாய்" என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. கழுத்தெல்லாம் சிவந்திருந்தது.

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சாக்கை முகர்ந்து பார்த்தோம். சத்தியமாகச் சொல்கிறேன், எங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அந்த நெடியில்தான் கிடக்கிறோம், வற்றல் காயும் களத்தில்தான் தூங்கி எழுகிறோம். நான் வழக்கம்போலக் கத்தினேன். "அஞ்சு நிமிசம் படுக்க முடியலையா? இத்தனை பேரு ரெண்டு நாளா தச்சிருக்கோம்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் படுத்துக்கிறேன்க்கா. அம்மாவுக்குத்தான்" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உட்கார்ந்தே தூங்குகிற ஒரு அம்மாவுக்கு இதை அனுப்பியிருந்தால், மறுபடி உட்காரத்தானே வைத்திருப்போம்.

அன்றைக்கே நாற்பது மெத்தையையும் பிரித்தோம். தைத்ததைவிடப் பிரிப்பது வேகமாக நடந்தது. திங்களும் செவ்வாயும் கண்மாய்க்கரையில் சாக்கையும் சேலையையும் ஊறவைத்து, கல்லில் அடித்து, திரும்ப ஊறவைத்து அலசினோம். "மீனெல்லாம் தும்முதுலே" என்று பையன்கள் ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் இறைத்தார்கள். வேலைக்கு நடுவே விளையாட்டா என்று அதட்டப் போன நானும் முழுக்க நனைந்து திரும்பினேன்.

புதன்கிழமை மழை பிடித்துக்கொண்டது. விதைத்த காட்டுக்கு நல்ல மழை, எங்கள் சாக்குக்குப் பிடிக்காத மழை. தங்கச்சிமடத்தில் கருவாடு காயப்போடும் கொட்டகை ஒன்று சும்மா கிடக்கிறது என்று ஒருவன் யோசனை சொன்னான். "மெளகா போயி கருவாடு வரவா?" என்று கல்லூரிப் பெண் கேட்டதும் அவன் வாயை மூடிக்கொண்டான். கடைசியில் சமுதாயக்கூடத்துக்குள் கயிறு கட்டித் தொங்கவிட்டு எல்லா மின்விசிறியையும் ஓடவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூடத்தில் ஒரு காதுகுத்து. பிள்ளையின் அம்மாவிடம் போய், சாக்கு இன்னும் காயவில்லை, வேண்டுமென்றால் அவிழ்த்துவிடுகிறோம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அவுக்க வேணாம் மதினி. பந்தல் போட்டதா நெனச்சுக்கிறோம்" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்படித்தான் அந்தக் காதுகுத்து விருந்து சாக்குகளுக்கு அடியில் நடந்தது. சாக்கு காய்ந்துவிட்டது, ஆனால் ஒன்பது மெத்தைதான் திரும்பத் தைத்திருந்தோம். மறுநாள் காலையில் லாரி. பந்தியில் உட்கார்ந்தும் எனக்குச் சோறு இறங்கவில்லை. கை கழுவி வந்த தாய்மாமன் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். புதுப் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "ஊசிய இங்கன குடுங்க" என்று தரையில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் அவர் பங்காளிகள் உட்கார்ந்தார்கள். நகை போட்டு வந்த பெண்கள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார்கள். ஊசி போதாமல் வீடு வீடாக ஆள் ஓடியது. இதைவிடச் சந்தோஷமான வீட்டு விசேஷத்தை நான் பார்த்ததில்லை. ஒரு பெரியவர் தைத்ததைக் கோணல் என்று நான் பிரிக்கச் சொல்ல, "விருந்துக்கு வந்தவனையே வெரட்டுதாளே" என்று அவர் முனகியதைக் கேட்டுக் கூடமே சிரித்தது.

இந்தக் களேபரத்தில் காது குத்திய பிள்ளையை எல்லோரும் மறந்துவிட்டோம். அழுது ஓய்ந்து அது எங்கே போனது என்று தேடினால், தைத்து முடித்த மெத்தை ஒன்றில் குப்புறப் படுத்து, கன்னத்தைச் சாக்கில் அழுத்தித் தூங்கிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்க் குனிந்து பார்த்தேன். தும்மல் இல்லை. கன்னத்தில் சிவப்பு இல்லை. காதில் மட்டும் கொஞ்சம். சாயங்காலத்துக்குள் முப்பத்தொன்பது மெத்தைகளைக் கட்டி வைத்தோம். நாற்பதாவதைக் கட்ட, பிள்ளை எழும்வரை காத்திருந்தோம்.

மார்கழியில் ஒருநாள் தம்பி எங்கள் ஊருக்கு வந்தார். மெத்தை போய்ச் சேர்ந்துவிட்டது, அங்கே பனியும் விழுந்துவிட்டது, அம்மாவிடம் எல்லோரும் பேச வேண்டும் என்றார். கூடத்தில் முப்பது பேர் ஒரு போனைச் சுற்றி முண்டியடித்தோம். தங்கச்சிதான் எடுத்தாள். "அம்மா எங்கன? அம்மாவக் காட்டச் சொல்லுங்க" என்று நாங்கள் கத்தினோம். அவள் உதட்டில் விரலை வைத்தாள். போனை மெல்லத் திருப்பினாள்.

வெள்ளைத் தலை ஒன்று. கழுத்துவரை போர்வை. அடியில் எங்கள் சாக்கு. நல்ல பகல் வெளிச்சத்தில் அந்த அம்மா காலை நீட்டிப் படுத்து, வாய் லேசாகத் திறந்திருக்கத் தூங்கிக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் நின்ற தம்பியைப் பார்த்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டு மதினிக்குப் பழைய பயம். அவர் காதருகே குனிந்து, "மெளகாயா தம்பி?" என்று ரகசியமாகக் கேட்டாள்.

"இல்லக்கா" என்றார் தம்பி.