பட்டிக்குள் நின்ற ஆடு

என் அக்காவின் கணவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன், மரியாதை குறையாமல். மனசுக்குள் அவரை என்னவெல்லாம் கூப்பிட்டேன் என்று எழுதினால் இந்தக் காகிதம் கருகிப் போகும்.

அப்போது நான் ஓசூரில் அவர்கள் வீட்டில் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வண்டிகளுக்கு வயர் கட்டு செய்கிற கம்பெனி. முதல் ஷிப்ட் முடிந்து மதியம் வீட்டுக்கு வந்தால் அக்கா மட்டும் இருப்பாள். மாமா வேறொரு கம்பெனியில் பேக்கிங் பகுதிக்குப் பொறுப்பு. அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. "நம்ம கையால சீல் விழுந்துச்சுன்னா, அந்தப் பெட்டிய மறுபடி தொறந்து பாக்குற வேலையே இல்ல" என்பார். சாப்பிடும்போது சொல்வார், பல் குத்தும்போது சொல்வார், டிவியில் விளம்பரம் வந்தால் அந்த இடைவெளியிலும் சொல்வார்.

கல்யாணப் பேச்சு குருபரப்பள்ளியில் எங்கள் வீட்டில் நடந்தபோது அக்கா ஒரே ஒரு விஷயம்தான் கேட்டாள். வேலைக்குப் போகலாமா? "தாராளமா போகட்டும்" என்றார் மாமா. எங்கள் அப்பா முன்னால், பங்குச் சாமியார் முன்னால், லட்டு வாயில் இருக்கும்போதே சொன்னார். கல்யாணம் ஆனதும் அடுத்த மாதம் என்றார். அப்புறம் பண்டிகை கழியட்டும் என்றார். அப்புறம், "நான் சம்பாதிக்கிறது பத்தலையா?" என்று கேட்டார். கல்யாணத்துக்கு முன்னால் கம்பெனியில் ஒரு லைன் முழுக்க வருகிற சாமானுக்குத் தரம் பார்த்தவள் என் அக்கா. இப்போது அவருடைய சட்டைக் காலரில் அழுக்குப் போயிற்றா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வயிறு எரியும். நான் எகிறினால், "நீ சும்மா இரு, நான் பாத்துக்கிறேன்" என்பாள். என்னத்தைப் பார்த்தாளோ.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் பூசைக்குப் போய்வந்து, மட்டன் குழம்பு சாப்பிட்டு முடித்த பிறகு, மாமாவின் கூட்டாளிகள் இரண்டு பேர் லேப்டாப்போடு வருவார்கள். ஒருவருக்குத் தளி என்கிற ஊர், அதனால் தளிக்காரர். வரும்போது கோஸோ கொத்தமல்லிக் கட்டோ கையில் இருக்கும். மாமாவைக் கன்னடத்துப் பழக்கத்தில் குரு என்பார், ஆட்டத்தில் மாட்டிக்கொண்டால் கன்னடத்தில் அலறுவார். இன்னொருவருக்குப் பேரிகை ஊர், அவர் பேரிகைக்காரர். ஆள் குறைகிறது என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

படை திரட்டி ஊர் பிடிக்கிற பழைய கம்ப்யூட்டர் ஆட்டம்தான். ஆனால் இவர்கள் ஆடியது, யாரோ ஒரு புண்ணியவான் அதற்குள் தனியாகச் செய்து வைத்திருந்த ஓநாய் மேப். அதில் படை கிடையாது, கோட்டை கிடையாது. ஒருத்தர் ஓநாய், மற்றவர்கள் ஆடு. ஆடு மரம் வெட்டலாம், அந்த மரத்தில் வேலி போடலாம், ஓடலாம். ஓநாய் தொட்டுவிட்டால் நடுவில் இருக்கிற பட்டிக்குள் போய் விழும். அதற்குமேல் அசைய முடியாது. வெளியே திரிகிற இன்னொரு ஆடு வந்து பட்டி வாசலைத் தொட்டால், உள்ளே இருப்பவர்களுக்கு மறுபடி உயிர் வரும். நேரம் முடியும்போது ஒரே ஒரு ஆட்டுக்காவது உயிர் இருந்தால் ஆடுகள் ஜெயித்த மாதிரி. எல்லா ஆடும் மாட்டினால் ஆட்டம் அங்கேயே முடிந்து ஓநாய் ஜெயிக்கும்.

ஓநாய் எப்போதும் மாமாதான். மாற்றி மாற்றி ஆடலாமே என்று கேட்டதற்கு, "ஆடா நின்னு எனக்குப் பழக்கமில்ல" என்றார். அவர் தோற்று யாரும் பார்த்ததில்லை.

புதிதாக ஆடுகிற எல்லாரும் செய்கிற முட்டாள்தனத்தைத்தான் நானும் முதலில் செய்தேன். தொடங்கியதும் மூலைக்கு ஓடி, சுற்றிலும் வேலி போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். புது வேலி போடுவது, நான் இங்கேதான் இருக்கிறேன் என்று மைக் கட்டி அறிவிக்கிற மாதிரி. மூலையில் உட்கார்ந்தால் பின்னால் போக இடமும் கிடையாது. மாமா நிதானமாக வந்து வேலியைப் பிய்த்துப் போட்டு, "என்னா கொழுந்தியா, வேலி போட்டா விட்ருவனா?" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு வேலைக்குப் போகிற பஸ்ஸிலும் என் காதில் கேட்டுக்கொண்டே வரும்.

இந்த நேரத்தில்தான் எங்கள் கம்பெனியில் தரம் பார்க்கிற பிரிவுக்கு ஆள் எடுத்தார்கள். நான் அக்காவின் பேரைக் கொடுத்தேன். மாமா வேலைக்குப் போயிருந்த ஒரு நாளில் அவள் இன்டர்வியூவும் போய்வந்துவிட்டாள். அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லிவிட்டார்கள். அந்த ஞாயிறு, கூட்டாளிகள் உட்கார்ந்திருக்கும்போதே நான் மாமாவிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தேன்.

அவர் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சிரித்தார். "உங்க அக்காளா? அவ பட்டியில இருந்து பழகின ஆடு. வெளிய தொறந்து விட்டாலும் தானா திரும்பி வந்து உள்ள நிப்பா" என்றார்.

அக்கா டீ டம்ளர்களோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். தளிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அந்தத் தட்டைப் பிடுங்கி மாமாவின் தலையில் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"மாமா, சேர்றதுக்கு முந்தின ஞாயிறு ஒரே ஒரு ஆட்டம். அதுல ஆடு ஜெயிச்சுட்டா?"

"ஜெயிச்சுட்டா, நானே என் வண்டியில கூட்டிட்டுப் போயி கம்பெனி கேட்டுல விடுறேன். தோத்தீங்கன்னா, இந்த வீட்டுல வேலைங்கிற பேச்சே வரக்கூடாது. என்னா, சரியா? இவங்க ரெண்டு பேரும் சாட்சி."

சரி என்று சொல்லிவிட்டேன். சமையலறையில் அக்கா என் முழங்கையைப் பிடித்துத் திருகினாள். "என்னைய ஒரு வார்த்த கேட்டியாடி? என் வேலைய வச்சு நீங்க ரெண்டு பேரும் சூதாடுறீங்களா?" அவள் கண் நிறைந்திருந்தது. பழி வாங்கியே தீருவது என்ற வெறியில் எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு வயர் கட்டும் கையோடு மண்டைக்குள் அந்த மேப்தான் ஓடியது. கொஞ்சம் கொஞ்சமாகச் சில விஷயங்கள் பிடிபட்டன. ஓநாயிடமிருந்து தூரமாக ஓடுவதைவிட அதன் முதுகுக்குப் பின்னாலேயே போவது நல்லது. தான் கடந்து வந்த இடத்தை அது திரும்பிப் பார்ப்பதில்லை. மரத்தை முதலிலேயே செலவழித்துவிடக் கூடாது, துரத்தும்போதுதான் வேலி போட வேண்டும். அதுவும் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக. முன்னால் இருப்பதை அது உடைப்பதற்குள் பின்னால் இன்னொன்று எழும்பிவிடும். முக்கியமாக, வாயைத் திறக்கக் கூடாது. எல்லாரும் ஒரே ஹாலில் உட்கார்ந்து ஆடுகிறோம். தளிக்காரர் "அய்யோ தேவரே" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட ஆரம்பித்தால் மாமா மற்ற வேலையை விட்டுவிட்டு அவர் பக்கம்தான் பாய்வார். சத்தம் போடுகிறவரைத் துரத்துவதில் அவருக்குத் தனி ருசி.

இதையெல்லாம் ஒரு மதியம் அக்காவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். முடித்ததும், "எல்லாம் சரி. அவரு பட்டியப் பாக்கவே மாட்டாரு, அத கவனிச்சியா?" என்றாள்.

"பட்டியவா?" என்றேன்.

"டீ கொடுக்க வர்றப்ப பின்னாடி நின்னு எத்தன தடவ பாத்திருக்கேன்! ஒரு ஆட்ட உள்ள தள்ளிட்டாருன்னா அதோட மறந்துடுவாரு. சீல் வச்ச பெட்டி மாதிரி."

எனக்குப் புல்லரித்துவிட்டது. இத்தனை வாரம் திரையை முறைத்துப் பார்த்தவள் நான். விஷயத்தைப் பார்த்தவள் அவள். அன்றைக்கே என் லேப்டாப்பை அவள் மடியில் வைத்தேன். மாமா வேலையிலிருந்து வருவதற்குள் மௌஸ் பிடிக்கவும் ஆட்டை நடத்தவும் கற்றுக்கொண்டாள். "அந்த வேலைக்கு நான்தான் போகப் போறேன். அப்ப ஆடுறதும் நான்தான்" என்றாள்.

வேலையில் சேர வேண்டிய நாளுக்கு முந்தைய ஞாயிறு. பூசையில் சாமியார் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். நல்ல பிரசங்கம்தான். எனக்கு மன்னிக்கிற உத்தேசமே இல்லை. பேரிகைக்காரருக்கு அன்று ஓவர்டைம். லேப்டாப்பை மட்டும் தளிக்காரரிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். ஆள் குறையுதே, அக்கா உட்காரட்டும் என்று நான் சொன்னதும் மாமாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "வா வா, ரெண்டு பேரையும் ஒண்ணா அள்ளிடுறேன்."

ஆட்டம் தொடங்கியது. அக்காவின் ஆடு வேலியும் போடவில்லை, ஓடவும் இல்லை. வெட்டவெளியில் போய் நின்றது. மாமா நேராக வந்து தொட்டார். அது பட்டிக்குள் போய் விழுந்தது.

"இவ்ளோதானா? சும்மா உக்காந்திருக்கிற நேரத்துல போயி தோசைக்கு மாவாட்டு, போ."

"ஆகட்டுங்க" என்றாள் அக்கா. ஆனால் எழுந்திருக்கவில்லை.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓநாயின் முதுகுக்குப் பின்னாலேயே நடந்தேன். தளிக்காரர் வழக்கம்போல அலறினார், மாமா அவரைத் துரத்திக்கொண்டு ஆற்றுப் பக்கம் போனார். அந்த நேரம் பார்த்து நான் பட்டி வாசலைத் தொட்டேன். அக்காவின் ஆட்டுக்கு உயிர் வந்தது. அது வெளியே வரவில்லை. நின்ற இடத்திலேயே, செத்த ஆடு மாதிரி நின்றது. அக்கா மௌஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அதற்குமேல் என் வேலை ஓநாயைப் பட்டியிலிருந்து தூரமாக இழுத்துப் போவதுதான். வேண்டுமென்றே மூலைக்கு ஓடினேன், வேலிக்குப் பின்னால் வேலியாகப் போட்டேன், வாயையும் திறந்தேன். "ஐயோ மாமா, வேணாம் மாமா!" அவருக்குக் குஷி தலைக்கேறிவிட்டது. வழியில் தளிக்காரரைப் பிடித்தார். "ஹோயித்து, ஹோயித்து!" என்று, போச்சு போச்சு என்பதைக் கன்னடத்தில் அலறி, அவர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு ஒவ்வொரு வேலியாகப் பிய்த்து, கடைசியில் என்னையும் தொட்டார்.

மாமா இரண்டு கையையும் தூக்கி, "முடிஞ்சுச்சு!" என்று கத்தினார்.

ஆட்டம் முடியவில்லை. திரையில் நேரம் ஓடிக்கொண்டே இருந்தது.

"என்னா இது, ஹேங் ஆயிடுச்சா?" என்று எழுந்து போய் வை-பை பெட்டியைத் தட்டினார். தளிக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். "ஹேங் இல்ல குரு. நேரம் ஓடுது. எங்கியோ ஒரு ஆடு உயிரோட இருக்குது."

"எங்க? மூணையும் பிடிச்சுட்டேனே!"

மாமா ஓடிவந்து உட்கார்ந்தார். காட்டைத் தேடினார், ஆற்றங்கரையைத் தேடினார், நான் போட்ட வேலிகளுக்குள் ஒவ்வொன்றாக நுழைந்து பார்த்தார். நெற்றியில் வேர்வை. பட்டியைச் சுற்றிக்கொண்டு இரண்டு தரம் போனார், உள்ளே பார்க்கவில்லை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் துப்பட்டாவைக் கடித்துக்கொண்டேன். தேடு, நல்லா தேடு என்று மனசு கும்மாளம் போட்டது. அக்கா மடியிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

நேரம் முடிந்தது. ஆடுகள் ஜெயித்ததாகத் திரையில் எழுத்து வந்தது.

"எங்கடி இருந்துச்சு அது?" என்று மாமா என்னைப் பார்த்துக் கேட்டார். ஆட்டம் முடிந்தாலும் மேப் மூடவில்லை, அக்கா மௌஸைப் பிடித்தாள். அவளுடைய ஆடு பட்டி வாசல் வழியாக மெதுவாக நடந்து வெளியே வந்தது. தளிக்காரர் கை தட்டினார். நான் தட்டவில்லை, மாமாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு திருப்தியாக நான் எதையும் பார்த்ததில்லை.

"வெளையாட்டுல சொன்னதெல்லாம் ஒரு பேச்சா?" என்று ஆரம்பித்தார். "நீ என்னைய சாட்சின்னு சொன்ன குரு" என்று தளிக்காரர் வாயை அடைத்தார்.

திங்கட்கிழமை காலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வண்டியில் கூட்டிப்போனார். கேட்டில் இறக்கிவிட்டு, "ஒரு வாரம் பாப்பேன். அப்புறம் நானே நிறுத்திடுவேன். சாயங்காலம் இங்கியே நில்லு, நான்தான் வந்து கூட்டிட்டுப் போவேன்" என்று சொன்னாராம். அக்கா தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் நான் டீ போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மாமாதான். பின்னால் லாரிச் சத்தம், ஆட்டோச் சத்தம்.

"எங்கடி உங்க அக்கா? ஷிப்ட் விட்டு எல்லாரும் போயிட்டாங்க. செக்யூரிட்டி உள்ள விட மாட்டேங்கிறான். ஐடி கார்டு இருக்கான்னு என்னையப் போயி கேக்குறான்!"

நான் திரும்பிப் பார்த்தேன். அக்கா ஹாலில், அவருடைய நாற்காலியில், கழுத்தில் புது ஐடி கார்டோடு காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பின்பக்கக் கேட்டிலிருந்து புறப்படுகிற கம்பெனி பஸ்ஸில் அப்போதே வந்துவிட்டாள்.

"நல்லா தேடிப் பாருங்க மாமா" என்றேன்.

இன்னும் கொஞ்ச நேரம் அலைய விட்டிருப்பேன். அக்கா எழுந்து வந்து என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"நான் வீட்டுக்கு வந்துட்டேங்க. கம்பெனி பஸ் இருக்குது, நாளையிலேர்ந்து நீங்க வர வேணாம். அப்புறம், வர்ற வழியில தோசை மாவு ஒரு பாக்கெட் வாங்கிட்டு வந்துடுங்க."