இன்னும் பத்து நிமிஷம், பாய்

சிதம்பரம் பேருந்து நிலையத்தில் கடலூர் வண்டிக்காக நின்றிருந்தபோது சவரிமுத்துவின் மனைவி மேரியம்மா போன் செய்தார். "பாய், அவுங்க போயிட்டாங்க." இன்னா லில்லாஹி என்று வாய் தானாகச் சொன்னது. அடுத்து வந்தது அழுகை இல்லை, எரிச்சல். சவரிமேல் எரிச்சல், என்மேல் அதைவிட ஜாஸ்தி. எங்கள் ஸ்கேன் சென்டரில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் அது ஏன் என்று சொல்லிவிட வேண்டும்.

உங்கள் வீட்டாரும் படிப்பார்கள் என்பதால் எங்கள் வேலையையும் சொல்கிறேன். ப்ராஸ்டேட் புற்றுநோய் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று பார்க்கும் ஸ்கேனுக்கு, காலியம் என்ற கதிரியக்கப் பொருளை ஒரு மருந்தோடு சேர்த்து ஊசியில் ஏற்றுவோம். மருந்து நோயைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும், அந்த இடம் படத்தில் பளிச்சென்று தெரியும். சேர்ப்பவர் சவரி, படமெடுப்பவன் நான். இரண்டும் ஒழுங்காகச் சேர்ந்ததா என்று ஒரு துளியை விரல் நீளக் காகிதப் பட்டையில் வைத்துச் சோதித்து, அதை ஒரு நீள நோட்டில் ஒட்டிவைப்பார். காலியமோ ஒரு மணி நேரம் சொச்சத்தில் பாதியாகிவிடும். நான் வெளியே நின்று கதவைத் தட்டுவேன். "யோவ் சவரி, மருந்து வீணாப் போவுதுய்யா!" உள்ளிருந்து குரல் வரும்: "இன்னும் பத்து நிமிஷம், பாய்." வருடக்கணக்கில் இதே சண்டை.

ஒருநாள் பட்டை சரியில்லை என்று மொத்த மருந்தையும் ஒதுக்கிவிட்டார். காத்திருந்த மூன்று பேரில் ஒருவர் ஸ்ரீமுஷ்ணத்துப் பெரியவர். அவர் மகன் என் சட்டையைப் பிடிக்காத குறை. சவரி வெளியே வந்து பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஐயா, மருந்துல ஒட்டாத காலியம் ரத்தத்துலயே சுத்தும். படம் முழுக்க வெளிச்சமாயிடும், வியாதி அதுக்குள்ள ஒளிஞ்சிக்கும். படம் வரும், உண்மை வராது. நாளைக்கு வாங்க, சாப்பாடு நான் கொண்டாறேன்." மறுநாள் வஞ்சிர மீன் குழம்போடு வந்தார், மனுசன். அது புரட்டாசிச் சனிக்கிழமை. பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். குழம்பு என் பங்குக்கு வந்தது.

சவரி ஓய்வு பெறும் சமயத்தில், மருந்தைத் தயாராகக் குப்பியில் அடைத்து விற்கும் கிட் வந்தது. சூடாக்க வேண்டாம், வடிகட்ட வேண்டாம், குப்பியில் காலியத்தை விட்டுக் குலுக்கிச் சில நிமிடம் வைத்தால் போதும். இனி நீங்களே கலந்துகொள்ளலாம் என்று நிர்வாகம் என்னிடம் விட்டது. சவரி கிட்டைக் குறை சொல்லவில்லை. "நல்ல சாமான்தான் பாய். ஆனா அமிலப் புளிப்பு கொஞ்சம் முன்னபின்ன போனாலும் காலியம் சேராது. பட்டை பாக்க வேணாம்னு எந்த டப்பாவுல எழுதியிருக்கு?" முதலில் தினமும் பார்த்தேன். பிறகு கூட்டம் இருந்தால் விட்டேன். ஊசியை முதலில் போட்டுவிட்டுப் பட்டையைப் பிறகு பார்க்கும் நாட்களும் வந்தன. சில நாள் அதையும் பார்க்கவில்லை.

கடைசியில் அந்த நோய் சவரிக்கே வந்தது. ப்ராஸ்டேட்டை அறுத்து எடுத்த பிறகும் ரத்தச் சோதனையில் நோயைக் காட்டும் எண் ஏறியது. ஸ்கேனுக்கு எங்களிடமே வந்தார். அன்று காலையிலேயே மின்சாரம் போய் எல்லாம் தாமதம். ஊசியோடு போனேன்.

"பட்டை பாத்தியா, பாய்?"

"பாத்தாச்சு, படுய்யா."

பச்சைப் பொய். பட்டை அப்போதுதான் உள்ளே ஊறிக்கொண்டிருந்தது.

படம் மங்கலாக வந்தது. இதயமும் ரத்தக் குழாயும் தெரியக்கூடாத அளவுக்குத் தெரிந்தன. டாக்டர் பார்த்துவிட்டு, "குறிப்பா ஒண்ணும் தெரியல" என்றார். பட்டை பார்க்காததை நான் அவரிடம் மறைத்துவிட்டேன். சவரி சட்டையை மாட்டிக்கொண்டு, பழைய வழக்கப்படி நேரே மருந்து அறைக்குள் போனார். பட்டையை எடுத்துக் கருவியில் வைத்துப் பார்த்தார், மருந்து சரியாகச் சேரவில்லை. பிறகு நோட்டைப் புரட்டினார். பக்கம் பக்கமாகப் பட்டை ஒட்டாத தேதிகள்.

"ஒன்ன நான் எவ்ளோ தடவை காக்க வச்சிருப்பேன்? ஒரே ஒரு தடவை நீ என்னக் காக்க வச்சிருக்கக் கூடாதா?" என்றார். நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம் பட்டை பார்த்து, காத்திருந்து, மறுபடி எடுத்தேன். இடுப்பெலும்பில் ஒரு புள்ளி, சந்தேகத்துக்கே இடமில்லாமல். ஒரு வாரத்தால் ஒன்றும் மாறியிருக்காது என்றார் டாக்டர். இருக்கலாம். சவரிக்கு உள்ளே போய்ப் பார்க்கத் தெரிந்திருந்தது. தெரியாதவர்கள்? 'ஒன்றுமில்லை' என்று எழுதிய தாளோடு நிம்மதியாக வீட்டுக்குப் போனவர்கள்? அவர்களை மறுபடி கூப்பிடலாமா என்று நிர்வாகத்திடம் கேட்டேன். "பழசக் கிளறாதீங்க பாய்" என்றார்கள். நானும், வெட்கங்கெட்டவன், கிளறவில்லை. சிகிச்சை நடந்த நாட்களில் போகும்போதெல்லாம் சவரி கேட்டார்: "அவுங்கள கூப்ட்டியா?" நலம் விசாரிக்கப் போனவனிடம் வேறு பேச்சே கிடையாது. எரிச்சலில் கடைசி மாதம் நான் போகவே இல்லை.

தேவனாம்பட்டினத்தில் அடக்கம் முடிந்து கிளம்பும்போது மேரியம்மா அந்த நோட்டைக் கையில் கொடுத்தார். "ஒங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க. யாருக்கோ போன் பண்ணணுமாமே?" பட்டை இல்லாத ஒவ்வொரு தேதிக்கு எதிரிலும் பென்சிலில் பெயரும் போன் எண்ணும். என்றைக்கு வந்து பதிவேட்டைப் பார்த்து எழுதினாரோ! கடைசிப் பக்கங்களில் எழுத்து கோணிப்போயிருக்கிறது.

அந்த நோட்டுதான் சவரியிடமிருந்து என்னிடம் இருப்பது. இந்தத் தடவை நிர்வாகத்திடம் அனுமதி கேட்கவில்லை, எல்லாரையும் கூப்பிடப்போகிறேன் என்று சொல்லிவிட்டேன். நேற்று முதல் எண்ணை அழைத்தேன். ஒரு பெண் எடுத்தார். "அப்பாவா? வயல்ல இருக்காரு. ஸ்கேன்லதான் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டீங்களே, சார்?"

"இல்லம்மா. அன்னிக்கு நாங்க மருந்த சரியாப் பாக்கல. தப்பு என்னுது. இன்னொரு தடவை கூட்டிட்டு வாங்க. ஊசி போடறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் காக்க வைப்பேன், கோவிச்சுக்க வேணாம்னு அப்பாகிட்ட சொல்லுங்க."