நிவேதா ஏன் தலைவலியைச் சொல்லவில்லை

அக்டோபர் முதல் சனிக்கிழமை, மதியம். எங்கள் கல்லூரிப் பெண்கள் சாக்கர் அணியின் கோல்கீப்பர் நிவேதா பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். ரெஃப்ரி விசில் ஊதினார். அணியினர் கத்தினார்கள். அவள் பந்தைத் தரையில் வைத்துவிட்டுக் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். யாரும் அவள்மேல் மோதவில்லை. பந்தும் முகத்தில் படவில்லை. அதனால்தான் எனக்குத் திக்கென்றது.

நான் டாக்டர் இல்லை. நியூ ஜெர்சியில் அந்தக் கல்லூரியின் விளையாட்டுத் துறையில் மெடிக்கல் பில்லிங், அதாவது சிகிச்சைச் செலவைக் கேட்டு இன்ஷூரன்ஸுக்குக் கிளெய்ம் அனுப்பும் வேலை பார்க்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அத்லெடிக் ட்ரெய்னர் என்றால் ஜிம்மில் எடை தூக்கச் சொல்லித் தருகிறவர் அல்ல. லைசென்ஸ் வாங்கிய மருத்துவப் பணியாளர். கணுக்காலுக்கு டேப் சுற்றுவது முதல் தலையில் அடிபட்டால் சோதிப்பது வரை அவர் பொறுப்பு. எங்கள் ட்ரெய்னர் டேனா. பல வருடங்களாக அவள் அறைக்குப் பிள்ளைகள் சும்மா வருவார்கள், ஐஸ் வைத்துக்கொண்டு அரட்டை அடித்துவிட்டுப் போவார்கள். போன ஆகஸ்டில்தான், பெரிய சிகிச்சைகளுக்குப் பெற்றோரின் ஹெல்த் இன்ஷூரன்ஸில் கிளெய்ம் போடுவதென்று நிர்வாகம் முடிவு செய்தது. இன்ஷூரன்ஸ் கொடுத்தது போக மீதியைக் கல்லூரி ஏற்கும். குடும்பத்தார் எதுவும் கட்ட வேண்டாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஒரு போன், ஒரு மீட்டிங்

செப்டம்பர் நடுவில் நிவேதாவின் அப்பா கூப்பிட்டார். கோயம்புத்தூர்க்காரர், ஜெர்சி சிட்டியில் ஒரு பேங்கில் கான்ட்ராக்ட் வேலை.

"ஏனுங்க மேடம், பாப்பா கணுக்காலுக்கு அடிக்கடி கிளெய்ம் போயிருக்குதுங்களே?"

"நீங்க எதுவும் கட்ட வேண்டாம் சார். உங்களுக்கு வந்த லெட்டர் பில் இல்ல, இன்ஷூரன்ஸ்காரங்க அனுப்புற கணக்கு விவரம்தான்."

"அது தெரியுதுங்க. ஆனா கார் இன்ஷூரன்ஸ் மாதிரிதானுங்களே? ரெண்டு தடவை இடிச்சா ரேட்டை ஏத்திப்போடறாங்க. என்னைப் பேங்குக்கு அனுப்பற எங்க கம்பெனி சின்னதுங்க, இன்ஷூரன்ஸ் அவங்க குடுக்கறது. இங்கயே தங்கறதுக்கு க்ரீன் கார்டு வாங்கித் தர்றதும் அவங்க கையில இருக்குது. இவன் குடும்பந்தான் செலவு வைக்குதுன்னு அவங்களுக்கு ஒரு நெனப்பு வந்துருச்சுன்னா?"

அப்படி இல்லை, ஒருவர் கிளெய்ம் போட்டதால் அவருக்கு மட்டும் பிரீமியம் ஏறாது என்று விளக்கினேன். "சரிங்க மேடம், சரிங்க" என்றார். புரிந்துவிட்டது என்று நினைத்துப் போனை வைத்தேன்.

மாதக் கடைசி மீட்டிங்கில் எங்கள் துறை டைரக்டர் மார்க் ஒரே சிரிப்பு. டேனாவின் அறைக்கு வருகிறவர்கள் வெகுவாகக் குறைந்திருந்தார்கள்.

"இஞ்சுரீஸ் ஆர் டவுன்!" என்றார்.

"இல்லை, வந்து சொல்வது குறைந்திருக்கிறது" என்றாள் டேனா.

"உனக்கு நல்ல செய்தியே ஆகாது, டேனா."

எல்லோரும் சிரித்தோம். நானும்.

சனிக்கிழமை

டேனா மைதானத்துக்குள் ஓடி, நிவேதாவைத் தாங்கிப் பிடித்து அறைக்குக் கூட்டிவந்தாள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டோம். கூடவே வந்த தோழி அழுதுகொண்டே சொன்னாள்: புதன்கிழமை பயிற்சியில் நிவேதா கம்பத்தில் தலையை இடித்துக்கொண்டாளாம். அன்றிலிருந்தே தலைவலியாம். "டேனாகிட்ட சொல்லிடாத, அப்பா இன்ஷூரன்ஸுக்குப் போயிடும்னு சத்தியம் வாங்கிட்டா."

நிவேதா என்னைப் பார்த்தாள். "ஆன்ட்டி, இது டாடியோட இன்ஷூரன்ஸ்ல போகுமா?"

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா? பேசாம படுத்துக்கோ."

தலையாட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, இப்போதுதான் முதல்முறை கேட்பது போல அதே குரலில் கேட்டாள்: "ஆன்ட்டி, இது டாடியோட இன்ஷூரன்ஸ்ல போகுமா?"

நான் டேனாவைத் திரும்பிப் பார்த்தேன். கன்கஷன், அதாவது அடிபட்டு மூளை அதிர்ந்தவர்கள் கேட்டதையே கேட்பார்கள், பதில் மனதில் தங்காது என்று டேனா மெல்லச் சொன்னாள். ஆயிரம் கேள்விகளில் இந்த ஒன்றுதானா அந்தத் தலைக்குள் தங்க வேண்டும்?

ஆஸ்பத்திரிக்கு அவள் அப்பா வீட்டுச் செருப்போடு ஓடிவந்தார். "என்ன கண்ணு? என்னாச்சு சாமி?"

அவள் அவரைப் பார்த்தாள். "டாடி, இது உங்க இன்ஷூரன்ஸ்ல போகுமா?"

அவர் என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் நான் தலையைக் குனிந்துகொண்டேன். "நான்தானுங்க ட்ரெய்னர்கிட்ட போகாதேன்னேன்" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. பிறகு கட்டிலோரம் மண்டியிட்டு அவள் கையைப் பிடித்தார்.

"போகட்டும் கண்ணு. எல்லாம் போகட்டும்."

அவள் மறுபடி கேட்டாள். "போகட்டும் கண்ணு" என்றார். ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்வரை ஒவ்வொரு தடவையும், குரல் மாறாமல், முதல்முறை சொல்வது போலவே சொன்னார்.

மூளையில் ரத்தக்கசிவு இல்லை. ஆனால் அவளுக்கு அந்த சீசன் போயிற்று. குளிர்காலம் வரை தலைவலியும் விடவில்லை. மார்க்கிடம் போய், தலை சம்பந்தப்பட்ட சோதனைக்கு இனி யார் இன்ஷூரன்ஸுக்கும் நான் கிளெய்ம் அனுப்பமாட்டேன் என்றேன். சரி, அதைக் கல்லூரியே கட்டட்டும் என்றார்.

மற்ற சிகிச்சைகளுக்குக் கிளெய்ம் போகிறது. முதல் கிளெய்முக்கு முன் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்கிறேன். பெற்றோர் "சரி" என்றதும் வைப்பதில்லை. "பிள்ளைகிட்ட கொடுங்க" என்கிறேன். பிள்ளையிடமும் முழுக்கச் சொல்கிறேன். வலியை மறைப்பது பிள்ளைதானே.