பண்டிகை இல்லாத நாளில் ஆரணி

போன மாதம் அம்மா குளியலறையில் விழுந்துவிட்டாள். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. நான் இருப்பது பெங்களூரில். அம்மாவும் அப்பாவும் ஆரணியில் தனியாக. பகலில் அவர்களுக்குத் துணையாக ஓர் ஆளை ஏற்பாடு செய்ய நான்கு நாள் லீவு போட்டுக் கிளம்பினேன். இதே வேலையாகக் கிளம்பப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை.

புதன்கிழமை காலை ஐந்தரைக்குப் பஸ். வேலூர் இருநூற்றுப் பத்து கிலோமீட்டர், ஐந்து மணி நேரம். அங்கிருந்து ஆரணி நாற்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். வீட்டுக்கு ஆட்டோ எண்பது ரூபாய். "பொங்கல் கூட இல்லியேம்மா, வீட்ல யார்னா சீரியஸா?" என்றார் ஆட்டோக்காரர். சுருக்கென்றது. ஆனால் அவர் கேட்டதில் தப்பில்லை.

நான் வருவதெல்லாம் பொங்கலுக்கும் தீபாவளிக்கும். போனில் பேசுவது ஞாயிற்றுக்கிழமை. அந்த நாட்களில் பக்கத்து வீட்டு சரசா அக்காவின் ஆறு விசைத்தறிகளுக்கும் லீவு. அவர் தறி போட்டது என் கல்யாணத்துக்குப் பிறகு என்பதால், அவை ஓடும்போது எங்கள் வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. உள்ளே நுழைந்தால் சுவரே அதிர்கிறது. அம்மா என் காதில் வாய் வைத்துப் பேசினாள். அப்பாவுக்கு முப்பது வருடத் தறிக்கூட வேலையில் காது போய்விட்டது. அம்மா விழுந்த அன்று அவர் முன் அறையில்தான் இருந்திருக்கிறார். அவள் ரேஷன் கடைக்குப் போயிருப்பதாக நினைத்திருக்கிறார்.

அன்று நடந்ததை சரசா அக்கா மதியச் சாப்பாட்டுக்குத் தறியை நிறுத்தியபோதுதான் முழுதாகச் சொன்னார்.

"பத்து மணிக்கு கரண்ட் போச்சும்மா. தறி நின்னதும் உங்கம்மா கோமதி, கோமதின்னு கூப்ட்டுகினு இருந்தது கேட்டுச்சி. நீ வந்துட்டே போலன்னு நெனச்சிகினேன். அதுக்குள்ள கரண்ட் வந்துட்ச்சி. ஒன்றேகாலுக்கு உன்னப் பாக்கலாம்னுதான் வந்தேன். வந்து பாத்தா..."

அம்மா ஒன்பது மணிக்கே விழுந்திருக்கிறாள். நாலேகால் மணி நேரம் ஈரத் தரையில் கிடந்திருக்கிறாள். நான் வந்திருப்பதாக நினைத்ததால்தான் பத்து மணிக்கு யாரும் போய்ப் பார்க்கவில்லை.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் ஆள் தேடி அலைந்தேன். வேலைக்கு வரக்கூடிய பெண்கள் விடிந்ததுமே செய்யாறு ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடுகிறார்கள். காலிங் பெல் மாட்டிப் பார்த்தேன்; தறிச் சத்தத்தில் கேட்கவில்லை. சிவப்பு பல்பு போடலாம் என்றார் எலக்ட்ரீசியன். விழுந்து கிடப்பவளுக்கு சுவிட்ச் எப்படி எட்டும்? கடைசியில் சரசா அக்காவே வழி சொன்னார். தினமும் பத்துக்கும் நாலுக்கும் இரண்டு நிமிடம் தறியை நிறுத்திக் காது கொடுப்பாராம். "பேஜாரெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்றார். இதைவிட மேலான ஏற்பாடு எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்குத் தறி நின்றது. "இப்ப கூப்பிடும்மா" என்றேன். அம்மா குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு "கோமதி" என்றாள்.

"என்னை இல்லம்மா. சரசாக்காவை."

"விழுந்தா வாயில வர்ற பேர்தானே வரும்?"

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆனாலும் விடவில்லை. தறி மறுபடி ஓடும்வரை "சரசா, சரசா" என்று கத்த வைத்தேன்.

போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பண்டிகை இல்லாத ஒரு வேலை நாளில், காலையிலிருந்து சாயங்காலம்வரை அந்த வீட்டில் உட்கார்ந்து பாருங்கள். ஆள் தேட நான்கு நாள் போதாது, பத்து நாளாவது வேண்டும். கிளம்பும் முன், ஆபத்தில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று பழக்கிவிடுங்கள். உங்கள் பேரைச் சொல்ல வேண்டாம் என்று நீங்களேதான் சொல்ல வேண்டியிருக்கும்.